எஸ்கியூஎல் நன்றாகத் தெரிந்தவருக்கு ஓஆர்எம் தேவையா?

பிஎச்பியில் நேரடியாக எஸ்கியூஎல் எழுதியே பழகிவிட்டேன், இனி ஓஆர்எம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரவுத்தளத்திடம் கேட்க நாம் எழுதும் மொழி எஸ்கியூஎல்; அட்டவணைகளைக் கிளாஸ்களாகக் கையாள விட்டு, எஸ்கியூஎல்லைத் தானே எழுதிக்கொள்ளும் கருவி ஓஆர்எம். கற்றுக்கொள்ளுங்கள். எஸ்கியூஎல்லை மறந்துவிட மட்டும் வேண்டாம்.

நான் இருப்பது இலங்கை மலையகத்து அட்டன் பக்கம், அதிகம் எழுதுவது பைத்தனின் ஜாங்கோவில், அதிலேயே ஓஆர்எம் இருக்கிறது. அதனால் தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலையே (தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு) எடுத்துக்கொள்கிறேன். தொழிலாளி, டிவிசன் (தோட்டத்தின் ஒரு பிரிவு), கொழுந்து நிறுவை என்று மூன்று அட்டவணைகள். எஸ்கியூஎல் உங்களுக்குத் தருவது வெறும் நிரை, அதாவது அட்டவணையின் ஒரு வரி: பெயர், தேதி, கிலோ. அன்றைக்கு அவருக்கு முழுப் பேரா அரைப் பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்பது அந்த நிரையில் இருக்காது, கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) தொழிலாளியிடம் 8 சதவீதம் பிடிப்பதும் தோட்டம் தன் பங்காக 12 சதவீதம் போடுவதும் அப்படியே. இந்தக் கணக்கை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப எழுதாமல் தொழிலாளி என்ற கிளாஸுக்குள் ஒரே இடத்தில் வைத்துவிடலாம். என்னைக் கேட்டால் ஓஆர்எம்மின் பெரிய லாபம் இதுதான். தட்டச்சு மிச்சம் என்பதெல்லாம் அப்புறம்.

இனி வம்புக்கு வருவோம். 200 தொழிலாளர்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் டிவிசன் பெயரைக் காட்ட வேண்டும். லூப்புக்குள் தொழிலாளி, புள்ளி, டிவிசன், புள்ளி, பெயர் என்று எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் புள்ளி ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்துக்குப் போய் வருகிறது. பட்டியலுக்கு ஒரு குவெரி (தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி), டிவிசனுக்கு 200, ஆக 201. என் பிளஸ் ஒன் என்று சொல்வது இதைத்தான். எங்கள் ஊரில் பக்கம் மெதுவாகத் திறந்தால் பனியையும் டவரையும் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள், கோட் எழுதிய விதத்தைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் போட்டால் ஜாயினோடு, அதாவது இரண்டு அட்டவணைகளையும் இணைத்து, ஒரே குவெரி. நிறுவை மாதிரி ஒருவருக்குப் பல நிரைகள் இருந்தால் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட், அது இரண்டு குவெரியில் முடித்துவிடும். மாதக் கூட்டுத்தொகைக்கு இரண்டுமே வேண்டாம். குரூப் பை போட்டுக் கூட்டும் வேலையைத் தரவுத்தளமே செய்யட்டும்.

இன்னொன்று, இதைப் பலர் சொல்வதில்லை. ஜாங்கோவில் ஒரு பொருளை (ஒரு நிரைக்கான ஆப்ஜெக்ட்டை) எடுத்து, ஒரு நிரலை (அட்டவணையின் ஒரு நெடுவரிசையை) மாற்றி, சேவ் கொடுத்தால் எல்லா நிரல்களும் திரும்ப எழுதப்படும். காலைக் கொழுந்தும் அந்திக் கொழுந்தும் ஒரே நிரையில் இரண்டு நிரல்களாக இருக்கின்றன என்று வையுங்கள். ஒருவர் காலைக் கணக்கைத் திருத்துகிறார், அதே நேரம் இன்னொருவர் அந்திக் கணக்கைப் போடுகிறார். கடைசியாகச் சேவ் செய்தவர் மற்றவரின் எண்ணைப் பழைய எண்ணால் அழித்துவிடுவார், பிழைச் செய்தி எதுவும் வராது. மாறிய நிரலின் பெயரை மட்டும் அப்டேட் ஃபீல்ட்ஸில் கொடுத்தால் தப்பலாம். பிஎச்பியின் லாராவெல்லில் உள்ள எலோக்குவன்ட் என்ற ஓஆர்எம் மாறிய நிரல்களை மட்டும் எழுதுவதால் இந்த இடத்தில் பரவாயில்லை. இரண்டையும்விட நல்லது, ஒவ்வொரு நிறுவைக்கும் தனி நிரை. அட்டவணையை அப்படி வகுப்பது உங்கள் வேலை, அதை எந்த ஓஆர்எம்மும் செய்து தராது.

பிஎச்பிக்காரர் என்பதால் எலோக்குவன்ட்டிலேயே தொடங்குங்கள். அதில் ப்ரிவென்ட் லேசி லோடிங் (தொடும்போது போய்த் தரவை எடுப்பதைத் தடுப்பது) என்று ஒரு வசதி இருக்கிறது. உங்கள் கணினியில் எழுதிப் பார்க்கும்போது அதைப் போட்டு வைத்தால், அந்த 201 குவெரி விவகாரம் அங்கேயே பிழையாக வந்து நிற்கும்.