வாங்கும் முன்: ஸ்கோப்புக்கு எந்த மவுண்ட்?

தென்னாப்பிரிக்காவில் குளிர்கால வேட்டைப் பருவம் நெருங்குகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை துப்பாக்கி ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) அதைத் தாங்கும் மவுண்டையும் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: என்னுடையது ஏ.ஆர். வகைத் துப்பாக்கி; அடுத்த குண்டு தானாக ஏறும் அரைத் தானியங்கி ரைஃபிள். மேற்பகுதி தட்டையாக, பல் வெட்டிய பட்டையுடன் இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுக்கும் என் பழைய போல்ட் துப்பாக்கியிலிருந்து, ஸ்கோப்பைப் பிடிக்கும் தாழ்வான வளையங்களை எடுத்து இதில் ஸ்கோப்பை மாட்டினேன். கழுத்தை வளைத்து அமுக்கினால்தான் பார்க்க முடிகிறது. கடைக்காரர் வேறு ஸ்கோப் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா, ஐயா?
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: வாங்காதீர்கள். ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை. வளையத்தின் உயரம் போதவில்லை. போல்ட் துப்பாக்கியின் பின்கட்டை, அதாவது தோளில் பதியும் பகுதி, குழலைவிடத் தாழ்ந்து இறங்கும். ஏ.ஆர். வகையில் அது குழலின் நேர்க்கோட்டிலேயே பின்னால் நீள்கிறது. கன்னத்தைப் பதித்தால் கண் பட்டைக்கு நன்றாக மேலே நிற்கும். பட்டையின் மேல்முகத்திலிருந்து ஸ்கோப் குழாயின் நடுப்புள்ளி வரை ஏறக்குறைய 36 முதல் 38 மில்லிமீட்டர் உயரம் வருகிற மவுண்டைக் கேளுங்கள்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி. வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 75 முதல் 100 மில்லிமீட்டர் வேண்டும். ஏ.ஆர். மேற்பட்டையோ குட்டை. தனித்தனி வளையங்களைப் போட்டால் ஸ்கோப் முகத்தில் இடிப்பதுபோல் வந்து நிற்கும். இதற்காகச் சிலர் முன்வளையத்தை முன்கைப்பிடியின் பட்டைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. முன்கைப்பிடி வேறு உறுப்பு; சாய்த்து வைத்தாலும் சூடேறினாலும் அசையும், குறியும் அதனுடன் விலகும். அடிப்பாகம் பின்னால் இருக்க, வளையங்கள் முன்னோக்கி நீண்டிருக்கும் ஒரே துண்டு மவுண்ட் கிடைக்கிறது. கான்டிலீவர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உங்கள் ஸ்கோப் குழாய் 25.4 மில்லிமீட்டரா, 30 மில்லிமீட்டரா என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

மாட்டும்போது மவுண்டின் குறுக்குக் கட்டையைப் பள்ளத்தில் இறக்கி, குழல்முனைப் பக்கமாக முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டே முடுக்குங்கள். பின்னுதைப்பில் ஸ்கோப் முன்னேறப் பார்க்கும். இடைவெளி விட்டிருந்தால் அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். வளையத் திருகுகளுக்கு ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் போதும். தயாரிப்பாளர் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கைப்பலத்தில் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

கேள்வி: ஸ்கோப் குழாய் 25.4 மி.மீ. மலிவாகக் கிடைத்ததே என்று 30 மி.மீ. வளையம் வாங்கிவிட்டேன். டேப் சுற்றி மாட்டலாமா?
— டொங்காட் வாசகர்

பதில்: கூடாது. அளவு பார்க்காமல் பணம் கொடுத்தது நீங்கள். இனியாவது இதற்கென்றே விற்கிற உள்வளையத்தையோ சரியான மவுண்டையோ வாங்குங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய மவுண்டின் உறையில் 'பிக்காடினி' என்று இருந்தது. பட்டையில் ஆடுகிறது. ஐந்து குண்டு சுட்டால் ஐந்தும் ஐந்து திசையில் போகின்றன. பொருள் கைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரி பில்லில் இருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார்.
— லெனாசியா வாசகர்

பதில்: பிக்காடினி, வீவர் இரண்டும் பல் வெட்டிய பட்டையின் அளவு வகைகள். முதலில் அளந்து பாருங்கள். பிக்காடினிப் பட்டையின் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் 10.01 மி.மீ. பழைய வீவர் வகையின் பள்ளம் 4.57 மி.மீ.தான். வீவர் கட்டை பிக்காடினிப் பள்ளத்தில் இறங்கிவிடும், ஆனால் இடைவெளி விட்டு நிற்கும். உங்களுக்கு வந்திருப்பது அதுவாக இருக்கலாம். உறையில் ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்றை வைத்திருந்தால் அது விற்றவரின் தவறு.

அந்த ஒற்றை வரியைப் பற்றி நான் எழுதாத ஆண்டில்லை. எழுதிக்கொண்டேதான் இருப்பேன். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அதன் 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதைத் தீர்மானிப்பவர் நீங்கள். கடைக்காரர் அல்ல. திருப்பி அனுப்பும் செலவும் அவருடையது. பில்லில் எந்த வரியை அச்சடித்தாலும் 51ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடுகிறது. டர்பனில் நான் வாங்கிய ஒரு மவுண்டின் திருகுமறை, உறையில் அச்சிட்டிருந்த அளவுக்கு முடுக்கும்போதே தேய்ந்து வழுக்கியது. அந்தக் கடைக்காரரும் சுவரில் தொங்கிய இதே வாசகத்தைத்தான் காட்டினார். சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்த பிறகு பணம் வந்தது. கடிதம் எழுதத் தெரியாத எத்தனை பேர் அந்தப் பலகையைப் படித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பியிருப்பார்கள்! அந்தப் பலகையை எழுதி மாட்டுகிறவர்களுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. நமக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் மாட்டுகிறார்கள்.

எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள்கள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் செல்லுங்கள்; அங்கே கட்டணம் இல்லை.

கேள்வி: வாங்கிய மவுண்டின் நிறம் துப்பாக்கியோடு ஒட்டவில்லை. கடையில் பார்த்துத்தான் வாங்கினேன். சட்டம் உதவுமா?
— பீனிக்ஸ் வாசகர்

பதில்: உதவாது. கண்ணால் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள்.

கேள்வி: எப்போதாவது வேட்டைக்குப் போகிறவன். தட்டை மேற்பகுதி கொண்ட அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு முன்பணம் கட்டிவிட்டேன். மவுண்டையும் வாங்கி வைத்துவிடட்டுமா?
— ஸ்டாங்கர் வாசகர்

பதில்: தம்பி, முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. எப்போதாவது வேட்டையாடுபவருக்கான உரிமம் 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் வருகிறது. அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு அதில் இடமில்லை. அதற்கு 16ஆம் பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் வழியாக 'டெடிகேட்டட்' எனப்படும், தொடர்ந்து ஈடுபடும் வேட்டையாளர் அல்லது விளையாட்டுச் சுடுநர் தகுதி வேண்டும். மவுண்டை விடுங்கள். முன்பணத்துக்கான நிபந்தனைகளை இன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கென்று சந்தைக் கடையில் ஒரு பெரிய ஜெர்மன் நிறுவனத்தின் மவுண்ட் வாங்கினேன். துணி தைத்துச் சேர்த்த பணம். முத்திரை நகத்தால் சுரண்டினாலே உரிகிறது. மகன் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் துப்பாக்கியில் மாட்டவும் இல்லை.
— சாட்ஸ்வொர்த், ஒரு தாய்

பதில்: அம்மா, உங்கள் மீது குற்றமில்லை. பெயரை ஒட்டி விற்றவன்தான் திருடன். சந்தைக் கடை நடத்துகிறவரும் வியாபாரிதான். மேலே சொன்ன ஆறு மாத உரிமை அவரிடமும் செல்லும். உரிந்த முத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். மவுண்டோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். சந்தை நிர்வாகத்திடம் கடை எண்ணைச் சொல்லி விவரம் கேளுங்கள். பணம் தர மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். போலிப் பொருள் விற்பது 1997ஆம் ஆண்டின் போலிப் பொருள்கள் சட்டத்தின்படி குற்றம். மகன் மாட்டாமல் வைத்ததும் சரிதான். எந்த உலோகம் என்று தெரியாத மவுண்டைத் துப்பாக்கியில் ஏற்றக் கூடாது. ரசீது இல்லையென்றால் வங்கி அட்டையில் செலுத்திய பதிவு போதும். அதுவும் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள். புகார்க் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.