ஊஸ்டர் தெருவில் ஒரு மணி நேரம் நிற்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மகள் அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் வேலை பார்க்கிறாள். ஆகஸ்டில் நானும் அவள் அப்பாவும் போகிறோம். ஃபிராங்க் பெப்பே என்ற பழைய பீட்சா கடைக்குக் கூட்டிப்போவாளாம், வரிசையில் ஒரு மணி நேரம்கூட நிற்க வேண்டிவருமாம். படத்தில் பார்த்தால் ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. அங்கே பெயர் போனது மட்டி என்ற கடல் சிப்பி போட்ட பீட்சா என்கிறாள், நாங்களோ சைவம். இதற்காக அவ்வளவு நேரம் நிற்கலாமா? நீங்கள் அந்த ஊரில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள அம்மா,

நில்லுங்கள். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம் நில்லுங்கள். வார நாளில், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு போனால் வரிசை சின்னதாக இருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம்.

நான் அங்கே இருந்த முதல் வருடம் முழுக்க, எல்லோரையும் போல மட்டி பீட்சாவுக்காகத்தான் அந்தக் கடை இருக்கும் ஊஸ்டர் தெருவுக்குப் போனேன். அருமையான சாப்பாடு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது 1960களில்தான் வந்தது. அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு சக ஊழியர் ஒரு நாள் கூட வந்து, தனக்கென்று வெறும் தக்காளி பீட்சா சொன்னார். தக்காளி, ஆலிவ் எண்ணெய், ஆரிகானோ, மேலே துருவிய பெக்கரீனோ சீஸ் கொஞ்சம், அவ்வளவுதான், வழக்கமாகப் பீட்சா மேல் உருகி நிற்கும் மொசரெல்லா சீஸ் கிடையாது. எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அதற்கப்புறம் நான் அங்கே போனதெல்லாம் அதற்காகத்தான். சைவம் என்பதால் எதையோ இழக்கப்போகிறோம் என்று நினைக்காதீர்கள் அம்மா, அந்தக் கடையின் மூத்த பிள்ளையே தக்காளி பீட்சாதான்.

ஃபிராங்க் பெப்பே இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் மயோரி என்ற ஊர்க்காரர். 1909இல், பதினாறு வயதில் நியூ ஹேவனுக்கு வந்தவர், முதல் உலகப் போரில் இத்தாலிக்காகச் சண்டையிடத் திரும்பிப் போய், போர் முடிந்த பிறகு மனைவியோடு மறுபடி வந்து, பேக்கரியில் வேலை பார்த்து, 1925இல் சொந்தக் கடை போட்டார். அந்தத் தெருவைச் சுற்றி இருந்தவர்கள் பெரும்பாலும் தெற்கு இத்தாலியிலிருந்து வந்து, பூட்டும் தாழ்ப்பாளும் செய்த சார்ஜென்ட் மாதிரியான தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள். ரொட்டி மாவைத் தட்டி, மேலே தக்காளி தடவி, வேண்டுமென்றால் உப்பில் ஊறிய நெத்திலி வைத்து, அடுப்பில் சுட்டு அவர்களுக்கு விற்றதுதான் ஆரம்பம். அதனால்தான் சொல்கிறேன், பீட்சா சாப்பிடப் போகிறோம் என்று நினைக்காமல் நல்ல ரொட்டி சாப்பிடப் போகிறோம் என்று நினைத்துப் போங்கள்.

ஊர்க்காரர்கள் அதை பீட்சா என்றுகூடச் சொல்வதில்லை. ‘அபீட்ஸ்’ என்பார்கள், நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சில் கடைசி உயிரெழுத்து முழுங்கிப்போகும். மொசரெல்லா அங்கே ‘மூட்ஸ்’, அதைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ‘பிளெய்ன்’ என்று சொன்னால் மூட்ஸ் இல்லாமல்தான் வரும், சாரிடம் இதை முன்னாடியே சொல்லிவையுங்கள்.

அந்தக் கருப்புக்குக் காரணம் நிலக்கரி அடுப்பு. செங்கல்லில் கட்டிய அந்த அடுப்பு ஒரு சின்ன அறை அளவுக்குப் பெரியது, நீளமான கம்பு வைத்த பலகையால்தான் உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் முடியும். விறகில் ஈரம் இருக்கும், எரிவாயு எரியும்போதும் நீராவி வரும், நிலக்கரியின் சூடு மட்டும் வறண்ட சூடு. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் அந்தச் சூட்டில் மாவின் மேல்தோல் சட்டென்று காய்ந்து மொறுமொறுவென்று ஆகிறது, உள்ளே கடித்து இழுக்கிற பதம் அப்படியே நிற்கிறது. அங்கங்கே கருத்த இடம் லேசாகக் கசக்கும். தக்காளியின் இனிப்புக்கும் புளிப்புக்கும் பக்கத்தில் அந்தக் கசப்பு வேண்டும். தோசையில் முறுகலான ஓரத்தைக் கேட்டு வாங்குகிற நாக்குக்கு இது பிடிபட ஒரு துண்டு போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். பெக்கரீனோ ரொமானோ சீஸில் பாலைத் திரிய வைக்க, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள். கண்டிப்பான சைவம் என்றால் அந்தத் துருவிய சீஸும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தக்காளியும் எண்ணெயும் சுட்ட மாவும் போதும், நான் அப்படியும் சாப்பிட்டிருக்கிறேன். இன்னொன்று, மட்டி போட்டது, பன்றி இறைச்சி போட்டது எல்லாம் அதே அடுப்பில்தான் வேகும். மனசுக்கு ஒப்புமா என்று வீட்டிலேயே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். இதில் சங்கடம் இருந்தால் போகாமல் இருப்பதிலும் தப்பில்லை. மொசரெல்லா ஒத்துக்கொள்ளும் என்றால் இன்னொரு வழி உண்டு: கோடையில் உள்ளூர்த் தோட்டத்துத் தக்காளி வரும்போது அதைப் போட்டு ஒரு பீட்சா செய்வார்கள், ஆகஸ்ட் அதற்குச் சரியான மாதம், கேட்டுப் பாருங்கள்.

பெப்பேக்கு 2006 முதல் வேறு ஊர்களில் கிளைகள் வந்துவிட்டன. நீங்கள் ஊஸ்டர் தெருவுக்கே போங்கள். கொஞ்சம் தள்ளி, ஃபிராங்க் பெப்பேயின் சகோதரி குடும்பத்தார் 1938இல் தொடங்கிய சாலீஸ் என்ற பீட்சா கடை இருக்கிறது. எது உசத்தி என்று அந்த ஊர்க் குடும்பங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. வெறும் தக்காளி பீட்சா மட்டும் சாலீஸில் ஒரு படி மேல் என்பது என் எண்ணம், பெப்பேயை அவ்வளவு விரும்பியும் சொல்கிறேன். இரண்டு நாள் கிடைத்தால் இரண்டுக்கும் போங்கள்.

பார்சல் மட்டும் வேண்டாம். பெட்டியை மூடியதுமே ஆவி அடித்து நமத்துவிடும், அடுப்பு செய்த வேலை அத்தனையும் வீண். உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், கூட ஃபாக்ஸன் பார்க் சோடா ஒன்று சொல்லுங்கள், பக்கத்து ஈஸ்ட் ஹேவனில் 1922 முதல் தயாரிக்கிறார்கள். காகிதம் விரித்த தகரத் தட்டில், கோணல்மாணலாக வெட்டின துண்டுகளோடு வரும். நடுத்துண்டை அப்புறம் எடுக்கலாம், முதலில் அந்தக் கருத்த ஓரத்தைக் கடித்துப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.