யுனெஸ்கோவில் எத்தனை நாடுகள்?

கேள்வி: குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். யுனெஸ்கோ உறுப்பு நாடுகள் ஒரு புத்தகத்தில் 195, இன்னொன்றில் 193, கோச்சிங் நோட்ஸில் 194. எதுங்க சரி?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மூன்றுமே அச்சான நாளில் சரிதான், ஆண்டைப் பாருங்கள். 2011 நவம்பரில் பாலஸ்தீனம் சேர்ந்தபோது 195. 2018 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவும் இஸ்ரேலும் விலகியதும் 193. 2023 ஜூலையில் அமெரிக்கா திரும்பி வந்ததால் 194. இதுவும் நிலையில்லை. அமெரிக்கா மறுபடியும், அதோடு நிகரகுவாவும் 2025-இல் விலகலை அறிவித்துள்ளன. நடைமுறைக்கு வரும் நாள் 2026 டிசம்பர் 31.

ஐ.நா. உறுப்பினர் எண்ணிக்கையான 193-ஐ இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த 193-இல் இஸ்ரேலையும் லிச்சென்ஸ்டைனையும் கழியுங்கள். ஐ.நா.வில் உறுப்பினராக இல்லாத குக் தீவுகள், நியுவே, பாலஸ்தீனம் மூன்றையும் கூட்டுங்கள். 194 வந்துவிடும். இணை உறுப்பினர்கள் (வெளியுறவைத் தாமே நடத்தாத ஆட்சிப் பகுதிகள்) இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். அவர்களுக்கு ஓட்டும் இல்லை.

கேள்வி: விலகுகிறேன் என்று சொன்ன அன்றே போய்விட முடியாதா? பாக்கிப் பணம் என்ன ஆகும்?
– வாசகர், பெருந்துறை

பதில்: முடியாது. தலைமை இயக்குநருக்குக் கடிதம் கொடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் டிசம்பர் 31 அன்றுதான் விலகல் செல்லும். ஜனவரியில் கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு வருடம், டிசம்பரில் கொடுத்தால் ஒரு வருடம். அதுவரை சந்தா ஓடும். ஏலச்சீட்டில் பாதியில் நின்றவர் எடுத்த பணத்தைக் கட்டியே ஆகவேண்டும் அல்லவா, அதே நியாயம்தான்: விலகினாலும் கடன் அழியாது.

கட்டாமல் உள்ளேயே இருந்தால்? நடப்பு ஆண்டுக்கும் முந்தைய ஆண்டுக்கும் உரிய சந்தாவைச் சேர்த்துப் பார்த்து, பாக்கி அதைத் தாண்டினால், எல்லா உறுப்பு நாடுகளும் கூடும் பொது மாநாட்டில் ஓட்டு போய்விடும். பாலஸ்தீனத்தைச் சேர்த்ததற்காக 2011-இல் பணத்தை நிறுத்திய அமெரிக்கா, 2013 நவம்பரில் ஓட்டை இழந்தது. அப்போது வரவுசெலவில் அதன் பங்கு 22 சதவீதம். வேலைத் திட்டங்கள் பலமாக அடிவாங்கின. 2023-இல் திரும்பியபோது பாக்கி சுமார் 61.9 கோடி டாலர். எங்கள் பார்வையில், ஒரே நாட்டை இவ்வளவு நம்பியிருப்பதுதான் இந்த அமைப்பின் பெரிய பலவீனம்.

போனவர்கள் திரும்புவது புதிதல்ல. 1956-இல் போன தென்னாப்பிரிக்கா 1994-இல் வந்தது. 1985-இல் போன பிரிட்டன் 1997-இல். 1946-இலிருந்தே உறுப்பினரான இந்தியா ஒருமுறையும் விலகியதில்லை.

கேள்வி: ஒரு நாடு விலகினால் அதன் பாரம்பரியச் சின்னங்களுக்கு அந்தஸ்து போய்விடுமா? எங்கள் ஊர் மலை ரயிலை நினைத்துக் கேட்கிறேன்.
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: போகாது. உலகப் பாரம்பரியப் பட்டியல் 1972 உடன்படிக்கையின் கீழ் வருவது. யுனெஸ்கோ உறுப்பினர் பதவி வேறு, அது வேறு. இந்தியா அந்த உடன்படிக்கையை 1977-இல் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலை பட்டியலில் ஏறியது 1984-இல். அந்நாடு முதன்முறை விலகியதும் அதே ஆண்டு டிசம்பர் 31-இல். சிலை இன்றும் பட்டியலில் இருக்கிறது.

அந்தஸ்து போவது வேறு காரணத்தால். ஆற்றின் குறுக்கே புதுப் பாலம் கட்டியதால் ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கு 2009-இல் நீக்கப்பட்டது; துறைமுகக் கரையில் புதுக் கட்டடங்கள் எழுந்ததால் பிரிட்டனின் லிவர்பூல் 2021-இல். இரண்டு நாடுகளும் அப்போது யுனெஸ்கோ உறுப்பினர்கள்தான். ஆகவே 2005-இல் பட்டியலில் ஏறிய உங்கள் நீலகிரி மலை ரயிலுக்குக் கவனிக்க வேண்டியது கல்லாறு நிலையம் தாண்டித் தொடங்கும் பற்சட்டத்தை (பல் வைத்த இரும்புச் சட்டம்). இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் அதில் இன்ஜினின் பல்சக்கரம் கவ்வித்தான் 12.5-க்கு 1 ஏற்றத்தில் ரயில் குன்னூர் வரை ஏறுகிறது. அதையும் பழைய நிலையங்களையும் மாற்றாமல் பராமரிக்கிறார்களா என்று பாருங்கள்.