ஏற்காட்டில் ஒரு குறையும் இல்லையா?

அன்புள்ள ஐயா,

ஒதுக்கப்பட்ட மக்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை, குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டு வந்த மறுநாள் படித்தேன். நான் மலையில் பார்த்ததும் நீங்கள் எழுதியதும் பொருந்தவில்லை. ரோடு நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். எல்லார் கையிலும் செல்போன். எங்களைச் சுற்றிக்காட்டிய ஜீப் டிரைவர் அந்த மலைக்காரர்தான். "உங்க ஜனங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்லைங்க சார்" என்று சிரித்தார்.

என் அப்பா சேலம் அம்மாபேட்டையில் கூலிக்குத் தறி நெய்தவர். நான் இன்று ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறேன். இந்தியா, இலங்கை, வங்கதேசம் என்று இத்தனை மொழியும் மதமும் சாதியும் கலந்து கிடக்கிற பகுதியில் ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும். வளர்ச்சி வந்தால் அது தானாகவே சரியாகிவிடும். ஏழைக்கு உதவி செய்தால் போதாதா? ஒதுக்கல், விலக்கல் என்று பேசிப் பேசிப் பிரிவினையை வளர்க்க வேண்டுமா?

எஸ்.,
ஓசூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பாவைப் பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன். கூலித் தறியில் உட்கார்ந்து ஒரு பிள்ளையைப் படிக்க வைத்து ஆளாக்குவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். நானும் சேலத்துக்காரன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவன். அதனால் உங்கள் கேள்வியைச் சண்டையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வளர்ச்சி வந்தால் சரியாகிவிடும் என்கிறீர்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு அது வந்து இருநூறு வருடம் ஆகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் காபிச் செடியை அங்கே கொண்டுவந்தார். அப்புறம் வெள்ளைக்காரர்களின் எஸ்டேட்டுகள், பங்களாக்கள், வெளியூர்ப் பணக்காரர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் போர்டிங் பள்ளிகள், பாக்சைட் சுரங்கம், இப்போது ரிசார்ட்டுகள். கீழே எத்தனையோ ஊர்கள் கண்ணால் பார்க்காத பணத்தை அந்த மலை பார்த்திருக்கிறது. காபி வருவதற்கு முன்பே அங்கே சாமையும் கேழ்வரகும் விதைத்துக்கொண்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். சொந்தமாகக் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் பழம் பறிக்கும் மாதங்களில் அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகாமல் வருடத்தை ஓட்ட முடியாத குடும்பங்கள் அதைவிட அதிகம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பணம் மேலே போனது. அதே வழியாகத்தான் இறங்கியும் வந்தது.

அந்த டிரைவர் சொன்னதை நான் நம்பாமல் இல்லை. அரை நாள் பழகின, வாடகை கொடுக்கப்போகிற ஒருவரிடம் தன் ஜனங்களின் குறையை எடுத்துச் சொல்ல அவருக்கு என்ன அவசியம்? அது அவருடைய மரியாதை. நீங்களோ நானோ அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

நாம் உண்மையில் வேறுபடுவது இன்னொரு இடத்தில். ஏழ்மையும் ஒதுக்கலும் ஒன்று என்று நினைக்கிறீர்கள். எனக்கு அந்த வித்தியாசம் தெரியவந்தது ஒரு நண்பனால்.

பிளஸ் டூவில் என்னோடு படித்தவன். ஏற்காடு மலையில் நாகலூர் தாண்டி ஒரு சிற்றூர் அவனுக்கு. சாதி, மலையாளி. இந்தப் பெயர் சேலத்திலேயே பலருக்குக் குழப்பம்தான். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பிகள் மலைக்கு ஒருவராகக் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் பூர்வீகக் கதை. மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகள் ஏறக்குறைய 8 லட்சம் பேர். அதில் மலையாளிகள் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல். எண்ணிக்கையில் அவர்கள்தான் பெரிய பழங்குடி. எங்கள் வகுப்பிலோ அவனை "சேட்டா" என்று கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டிருக்கிறேன். அவன் திருத்தியதே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1991இல் பிளஸ் டூ முடித்தோம். மேலே படிக்கச் சாதிச் சான்றிதழ் வேண்டும். என்னுடையதை என் அப்பா ஒரே வாரத்தில் வாங்கி வந்துவிட்டார். அவனுக்குக் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தாரே கொடுப்பார். 1989 நவம்பர் 11க்குப் பிறகு கோட்டாட்சியர்தான் கொடுக்க முடியும் என்று ஆனது. பொய்ச் சான்றிதழ்களைத் தடுக்க வேண்டும் என்பது நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவனுடைய தாத்தாவின் நிலப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் "கவுண்டர்" என்று இருந்தது. சேர்வராயன் மலை மலையாளிகள் மரியாதைக்குத் தங்களைக் கவுண்டர் என்று சொல்லிக்கொள்வது ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கையெழுத்துப் போடப் பயந்தார். விசாரணைக்கு வருகிறோம் என்றார்கள். வரவில்லை. அவனுடைய அண்ணனுக்கு மூன்று வருடம் முன்பே தாசில்தார் கொடுத்த சான்றிதழ் வீட்டில் இருந்தது. அதைக் காட்டியபோது, "அது பழைய முறை" என்றார்கள். ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்களில் அண்ணன் பழங்குடி, தம்பி யார் என்று முடிவாகவில்லை. கல்லூரிச் சேர்க்கை முடிந்த பிறகுதான் காகிதம் கைக்கு வந்தது. அதற்குள் அவன் ஒரு எஸ்டேட்டில் மூட்டை எடை போடும் வேலைக்குப் போயிருந்தான்.

உங்கள் அப்பாவிடமும் பணம் இல்லை, அவன் அப்பாவிடமும் பணம் இல்லை. ஆனால் நீ யார் என்று நிரூபி என்று உங்களை யாராவது மாதக்கணக்கில் நிற்க வைத்தார்களா? என்னை வைக்கவில்லை. ஒதுக்கல் என்று நான் எழுதியது அந்த நிற்க வைத்தலைத்தான். காசு கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

இதைவிட மோசமான நிலையும் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டூருக்கு மேற்கே பர்கூர் மலை. அங்கே இருப்பவர்களும் மலையாளிகள்தான். ஆனால் அரசின் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு மாவட்டங்களும் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. பர்கூர் அன்று கோயம்புத்தூர் மாவட்டம். 1979இல் ஈரோடு மாவட்டம் பிரிந்தபோது அதோடு போனது. இரண்டு பெயருமே பட்டியலில் இல்லை. அதனால் அவர்கள் பழங்குடி ஆகவில்லை. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி, பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்த நிலத்தைப் பயன்படுத்தி வந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். காட்டுக்குள் இருப்பவனிடம் 75 வருடக் காகிதம் எங்கே இருக்கும்? மாவட்டக் கோடு ஒன்று அவர்களுக்கு இத்தனையும் செய்திருக்கிறது.

இலங்கையையும் குறிப்பிட்டிருந்தீர்கள். நம்ம ஊர்க் கதை அங்கேயும் தொடர்கிறது. காக்பர்ன் இங்கே செடி வைத்த அதே 1820களில் கண்டிப் பக்கமும் காபித் தோட்டங்கள் தொடங்கின. அந்தத் தோட்டங்களுக்குத் திருச்சி, மதுரையிலிருந்து போனது போலவே சேலம் ஜில்லாவிலிருந்தும் ஜனங்கள் போனார்கள். 1869இல் தொடங்கிய இலைநோயில் காபி அழிந்து தேயிலை வந்தது, ஆட்கள் மட்டும் மாறவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு, அந்த மலையகத் தமிழர்களில் ஏறக்குறைய 7 லட்சம் பேரை எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆக்கினார்கள். ஆவணத்தோடு நிரூபி என்பதுதான் அங்கேயும் கேள்வி. அப்பா எங்கே பிறந்தார் என்பதற்குக் கொழுந்து பறிக்கும் பெண் எந்தக் காகிதத்தைக் கொண்டுவருவாள்? 1964 ஒப்பந்தத்தில் இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று இரண்டு பிரதமர்கள் பிரித்துக்கொண்டார்கள். கடைசியாக மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது 2003இல்தான். அந்த ஐம்பத்தைந்து வருடத்தில் பெரும்பகுதி இலங்கையின் ஏற்றுமதியைத் தாங்கியது அவர்கள் பறித்த தேயிலை. வங்கதேசத்தில் முகாம்களில் வாழும் உருது பேசும் மக்களும் 2008இல் டாக்கா உயர் நீதிமன்றம் குடியுரிமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லும்வரை இப்படித்தான் காத்திருந்தார்கள். இத்தனை மொழி, இத்தனை இனம் இருப்பதால் இது தானாக நடந்தது என்று என்னால் ஏற்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு தேதி இருக்கிறது, கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

பேசினால் பிரிவினை வளரும் என்று பயப்படுகிறீர்கள். தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடிகளுக்கு ஒதுக்கியவை ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டும்தான். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தருகிற அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதி என்று நம் மாநிலத்தில் ஓர் ஊர்கூட இல்லை. அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தங்கள் நிலம் பற்றிப் பேச அதிகாரம் தந்த 1996 சட்டம் ஏற்காட்டுக்குப் பொருந்தாது. அவர்கள் பேசுவதற்கு வைத்திருக்கிற இடமே அவ்வளவுதான். நாமும் பேசாமல் இருந்துவிட்டால் யார் பேசுவார்கள்?

என் நண்பன் இப்போதும் மலையில்தான் இருக்கிறான். போன மாதம் ஃபோனில் பேசினோம். மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள் என்றான். சான்றிதழ் தொல்லை இல்லாமல் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றான். அவள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே மனு போட்டுவிட்டானாம்.