பேட்டரி நான்கே நாளில் ஏன் தீர்கிறது? சிம் போட்ட டேட்டா லாகர்: கேள்வி-பதில்

கேள்வி: தானே அளந்து சிம் வழியாக அனுப்பும் கருவி (டேட்டா லாகர்) ஒன்று செய்திருக்கிறேன்: ஆர்டுயினோ ஊனோ போர்டு, 2ஜி மோடம், ஒரு வெப்பநிலை சென்சார், 3000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) 18650 லித்தியம்-அயன் செல்கள் இரண்டு, பேரலலாக. மணிக்கு ஒருமுறை அனுப்பிவிட்டு ஸ்லீப்புக்குப் போகும்படி ப்ரோகிராம் எழுதியிருக்கிறேன். இருந்தும் நான்கு நாளில் பேட்டரி காலி. செல்கள் போலியா?

பதில்: செல்லைச் சந்தேகிப்பதற்கு முன் போர்டைப் பாருங்கள். நீங்கள் தூங்க வைத்தது நடுவில் இருந்து ப்ரோகிராமை ஓட்டும் ஏடிமெகா சிப்பை (கன்ட்ரோலர்) மட்டும்தான். அதே போர்டில் யுஎஸ்பி சிப், பவர் எல்இடி, வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் மூன்றும் விழித்தே இருக்கின்றன. ஸ்லீப்பிலும் ஊனோ 5 வோல்ட்டில் சுமார் 30 மில்லிஆம்பியர் எடுக்கும். 3.7 வோல்ட்டிலிருந்து பூஸ்ட் செய்து (வோல்ட்டேஜை உயர்த்தி) கொடுப்பதால், அதில் வீணாவதையும் சேர்த்து, செல்லின் கணக்கில் அது 48 ஆகிவிடும். மோடம் நெட்வொர்க்கில் பதிவாகிச் சும்மா இருந்தாலே 15 முதல் 20. எல்லாம் சேர்த்து 65-ஐத் தாண்டும். 6000-ஐ 65-ஆல் வகுத்தால் 92 மணி நேரம். உங்கள் நான்கு நாள் கணக்கு அப்படியே வந்துவிட்டது. செல்கள் மேல் பழி இல்லை.

ஊனோவை விட்டுவிட்டு, 3.3 வோல்ட்டில் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி போர்டுக்கு மாறுங்கள். அதன் எல்இடியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். சிப்பைக் குறித்த நேரத்தில் எழுப்பும் வாட்ச்டாக் டைமரை ஓடவிட்டு ஸ்லீப்பில் போட்டாலும் சிப்புக்கு 5 மைக்ரோஆம்பியர் அளவே போதும். ரெகுலேட்டரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான போர்டுகளில் வரும் ஏஎம்எஸ்1117 எந்த வேலையும் செய்யாமலே 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 120 எம்ஏஎச். எம்சிபி1700 போன்றது 2 மைக்ரோஆம்பியருக்கும் குறைவு.

மோடத்தின் மின்சாரத்தை பி-சேனல் மாஸ்ஃபெட் (சுவிட்ச்போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாக வெட்டுங்கள். அதைத் திறந்து மூடும் காலான கேட்டை நேராக கன்ட்ரோலரின் பின் (கால்) கொண்டு ஓட்டாதீர்கள்: செல் 4.2 வோல்ட்டில் இருக்கும்போது பின் தரும் 3.3 வோல்ட் அதை முழுதாக மூடாது. கேட்டிலிருந்து செல்லின் பாசிட்டிவுக்கு ஒரு ரெசிஸ்டர், கேட்டைக் கீழே இழுக்க ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் என்று போட்டால் சரியாக அணையும்.

இன்னொரு கசிவு கண்ணுக்கே தெரியாது. மோடத்தின் சப்ளையை வெட்டிய பிறகும் கன்ட்ரோலரின் டிஎக்ஸ் பின் (மோடத்துக்குத் தரவு அனுப்பும் கால்) 'ஹை'யாக இருந்தால், அந்த ஒற்றைக் கம்பி வழியாகவே மோடத்தின் பாதுகாப்பு டயோடுக்குள் மின்சாரம் புகுந்து அதை அரைகுறையாக உயிரோடு வைத்திருக்கும். சில மில்லிஆம்பியர் இப்படியே போகும். சப்ளையை வெட்டுவதற்கு முன் மோடத்துக்குப் போகும் எல்லாப் பின்களையும் 'லோ' ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: இதையெல்லாம் சரிசெய்தால் எத்தனை நாள் ஓடும்? கணக்கிடுவது எப்படி?

பதில்: ஒரு நாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தூக்கம், அளவெடுப்பு, அனுப்புதல். போர்டு முழுவதும் தூக்கத்தில் 50 மைக்ரோஆம்பியர் என்றால் நாளுக்கு 1.2 எம்ஏஎச். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நொடி, 10 மில்லிஆம்பியரில் அளவெடுத்தால் 144 தடவைக்கு 0.4. அனுப்பும்போது 30 நொடிக்குச் சராசரியாக 100 மில்லிஆம்பியர் என்றால் ஒரு தடவைக்கு 0.83, மணிக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 20.

பாருங்கள், மொத்தம் 21.6-இல் 20 அனுப்புவதற்கே போகிறது. அளவெடுப்பைக் குறைத்துப் பேட்டரியை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் தவறான இடத்தில் கஞ்சத்தனம் செய்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாராளமாக அளந்து எழுதி வையுங்கள். நாளுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்புங்கள். 144 பதிவுகளை ஒன்றாக அனுப்ப 1 எம்ஏஎச் ஆனாலும், நாள் செலவு 2.6-க்கு இறங்கிவிடும்.

மணிக்கு ஒருமுறை அனுப்பினால், 6000-இல் 70 சதவீதத்தைப் பயன்படுத்தலாம் என்று வைத்து, சுமார் 190 நாள். நாளுக்கு ஒருமுறை என்றால் காகிதத்தில் 1600 நாள் வரும். அதை நம்பிவிடாதீர்கள். லித்தியம்-அயன் செல் தானாகவே மாதம் 2 சதவீதம் இழக்கும் என்றால் 6000-க்கு அது 120 எம்ஏஎச், நாளுக்கு 4. உங்கள் கருவி எடுப்பதைவிடச் செல் தானே கசியவிடுவது அதிகம்! செலவு இவ்வளவு குறைந்த பிறகு லித்தியம் தயோனைல் குளோரைடு செல்லுக்குப் போவதே முறை. டி அளவில் 3.6 வோல்ட், 19 ஆம்பியர்-மணி. ஆண்டுக்கு ஒரு சதவீதத்தை ஒட்டியே கசியும். ஆனால் அதை நேராக மோடத்துக்குக் கொடுக்க முடியாது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: மேசையில் நன்றாக ஓடிய மோடம், களத்தில் வைத்ததும் நெட்வொர்க்கில் சேரும் நேரம் பார்த்து ரீசெட் ஆகிறது. மல்டிமீட்டரில் 3.8 வோல்ட் காட்டுகிறது.

பதில்: மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுகிறது, மோடம் விழுவது சராசரியில் அல்ல. 2ஜி மோடம் 4.6 மில்லிநொடிக்கு ஒருமுறை, 0.577 மில்லிநொடி மட்டும், 2 ஆம்பியர் வரை இழுக்கும். செல் ஹோல்டரின் ஸ்பிரிங், மெல்லிய ஜம்பர் கம்பி, கனெக்டர் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் இருந்தால் அந்தக் கணத்தில் 0.4 வோல்ட் விழும். செல் 3.7-க்கு இறங்கியிருக்கும் நாளில் மோடத்துக்குக் கிடைப்பது 3.3. சிம்800 வகை மோடத்துக்கு 3.4-க்குக் கீழே போகக் கூடாது.

மேசையில் ஏன் ஓடியது? சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் டவர், மோடத்தைக் குறைந்த சக்தியில் பேசச் சொல்லும். களத்தில் டவர் தூரம். மோடம் முழு சக்தியில் கத்த வேண்டியிருக்கிறது.

மோடத்தின் சப்ளை பின்னை ஒட்டியே 1000 மைக்ரோஃபாரட் குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) கெப்பாசிட்டரும் 100 நானோஃபாரட் செராமிக்கும் வையுங்கள். அதோடு விடாதீர்கள். 2 ஆம்பியரை 0.577 மில்லிநொடிக்கு அந்தக் கெப்பாசிட்டர் மட்டுமே தர நேர்ந்தால் 1.15 வோல்ட் விழும். அது சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளுமே தவிர, தடித்த குட்டையான கம்பிக்கு மாற்றாகாது. ஸ்பிரிங் ஹோல்டரை விட்டு, நிக்கல் பட்டை வெல்டு செய்த செல்லுக்கு மாறினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தயோனைல் குளோரைடு செல்லில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. நாள்கணக்கில் சும்மா இருந்தால் லித்தியத்தின் மேல் ஒரு படலம் உருவாகி, திடீரென்று இழுக்கும்போது வோல்ட்டேஜ் சரியும். அதனால் செல்லுக்கு இணையாக ஹைப்ரிட் லேயர் கெப்பாசிட்டர் போட வேண்டும்: செல் மெதுவாக அதை நிரப்பும், மோடம் அதிலிருந்து வேகமாக இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: புதிதாக வாங்குவதென்றால் 2ஜியா, என்பி-ஐஓடியா, கேட்-எம்1-ஆ?

பதில்: ஐந்தாண்டு நிற்க வேண்டிய கருவிக்கு 2ஜி வேண்டாம். ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா 2016 டிசம்பரிலேயே 2ஜியை மூடியது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2017 ஜனவரியில் மூடியது. மற்ற இரண்டும் இதுபோன்ற கருவிகளுக்கென்றே உள்ள 4ஜி வகைகள்; 2016-இல், மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபியின் 13-ஆம் வெளியீட்டில் வந்தவை. ஓரிடத்தில் நட்டுவைத்து, கொஞ்சம் தரவு அனுப்பும் கருவிக்கு என்பி-ஐஓடி பொருந்தும். 2ஜியைவிட 20 டெசிபெல் பலவீனமான சிக்னலிலும் பேசும்படி வடிவமைத்தது. ஆனால் அந்த ஓரத்தில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பித்தான் பேசுகிறது, அதனால் பேட்டரிச் செலவும் கூடும். நகரும் கருவி என்றாலோ, தொலைவிலிருந்து ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் ப்ரோகிராமை) மாற்ற வேண்டும் என்றாலோ கேட்-எம்1. எதுவானாலும், அந்த இடத்தில் அந்தச் சேவை இருக்கிறதா என்பதை சிம் போட்டுச் சோதித்த பிறகே மோடத்தை முடிவு செய்யுங்கள்.

இவற்றில் பிஎஸ்எம் என்ற ஆழ்ந்த தூக்கம் உண்டு: நெட்வொர்க்கில் செய்த பதிவு அழியாமல் 4 மைக்ரோஆம்பியர் அளவில் மோடம் கிடக்கும். நாளுக்கு 0.1 எம்ஏஎச்தான். ஒவ்வொரு முறையும் சப்ளையை வெட்டி, புதிதாக நெட்வொர்க்கில் சேர 20 நொடி 60 மில்லிஆம்பியர் என்றால் 0.33. ஆக நாளுக்கு ஒரே முறை அனுப்பினாலும் பிஎஸ்எம்தான் லாபம். நீங்கள் கேட்கும் டைமர் நேரத்தை நெட்வொர்க் அப்படியே தர வேண்டும் என்பதில்லை. கேட்ட பிறகு என்ன கிடைத்தது என்று மோடத்திடம் திரும்பப் படித்துப் பாருங்கள். டி3412 டைமர் (மோடம் தானாக எழுந்து டவரிடம் ஆஜர் சொல்லும் இடைவெளி) உங்கள் அனுப்பும் இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கட்டும். சிறிதாக இருந்தால் அனுப்ப எதுவும் இல்லாமலே மோடம் எழுந்து டவரிடம் ஆஜர் சொல்லிவிட்டுத் தூங்கும்.

கேள்வி: சர்வரில் பார்த்தால் நடுநடுவே சில மணி நேரத் தரவு இல்லை. சில சமயம் ஒரே பதிவு இரண்டு தடவை வருகிறது.

பதில்: அளந்த கையோடு அனுப்புகிறீர்கள், எழுதி வைப்பதில்லை. வரிசையை மாற்றுங்கள்: முதலில் நினைவகத்தில் எழுது, பிறகு அனுப்பு, சர்வர் 'வந்தது' என்று சொன்ன பிறகே அந்தப் பதிவைக் கடந்து போ.

ஒரு பதிவுக்கு 12 பைட் போதும். வரிசை எண் 4, நேரம் 4, நூறால் பெருக்கிய வெப்பநிலை 2, அரை சதவீதப் படியில் ஈரப்பதம் 1, 20 மில்லிவோல்ட் படியில் பேட்டரி 1. 32 கிலோபைட் எஃப்ரேம் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சிப் ஒன்றில் 2730 பதிவுகள் நிற்கும். பத்து நிமிட இடைவெளியில் 19 நாள். நெட்வொர்க் இரண்டு வாரம் இல்லாவிட்டாலும் ஒரு பதிவும் போகாது. எஸ்டி கார்டைத் தவிர்ப்பது நல்லது: எழுதும்போது 100 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், எழுதும் நடுவில் மின்சாரம் போனால் கோப்பு அட்டவணையே கெட்டு மொத்தத் தரவும் போகலாம்.

இரட்டைப் பதிவு வருவது பிழையல்ல. பதிவு போய்ச் சேர்ந்தது, பதில் வழியில் தொலைந்தது. கருவி மறுபடி அனுப்பியது. கருவி எண்ணையும் வரிசை எண்ணையும் சேர்த்து சர்வரில் தனித்த விசையாக வைத்தால் இரண்டாவது தானே விழுந்துவிடும். நேரத்தை அளந்த கணத்திலேயே யுடிசியில் (உலகப் பொது நேரம்) எழுதுங்கள். சர்வருக்கு வந்த நேரத்தை நம்பினால், தாமதமாக வந்த 144 பதிவுகளும் ஒரே நிமிடத்தில் நடந்ததுபோல வரைபடத்தில் நட்டுக்குத்தாக நிற்கும்.

கேள்வி: டிஎஸ்3231 கடிகார மாட்யூலில் காயின் செல் உப்பிவிட்டது.

பதில்: பரவலாகக் கிடைக்கும் நீல நிற மாட்யூலில் செல்லைச் சார்ஜ் செய்யும் வழி ஒன்று இருக்கிறது: ஒரு 200 ஓம் ரெசிஸ்டர், பக்கத்தில் சிவந்த கண்ணாடி டயோடு. அது சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032-க்கானது. நீங்கள் சார்ஜ் ஏறாத சிஆர்2032 போட்டு, 5 வோல்ட் கொடுத்திருப்பீர்கள். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள். பவர் எல்இடியையும் கூடவே எடுங்கள்.

கேள்வி: டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் சில நேரம் 85 டிகிரி, சில நேரம் -127 காட்டுகிறது. மதியத்தில் உண்மையான வெப்பத்தைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாகவும் வருகிறது.

பதில்: மூன்றும் வேறு வேறு. 85 என்பது சென்சார் மின்சாரம் பெற்றதும் தன்னிடம் வைத்திருக்கும் தொடக்க மதிப்பு. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிநொடி ஆகும். அதற்கு முன் படித்தாலோ, நடுவில் சப்ளை தடுமாறினாலோ அதுவே வரும். -127 என்றால் சென்சாரே பதில் சொல்லவில்லை, அது லைப்ரரி போடும் குறி: தரவுக் கம்பியையும் அதை சப்ளையோடு இணைக்கும் 4.7 கிலோஓம் ரெசிஸ்டரையும் பாருங்கள். மதிய வெப்பம் வெயிலின் வேலை. ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளைத் தட்டுகள் அடுக்கிய கவசத்துக்குள், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் சென்சாரை வையுங்கள்; உலக வானிலை அமைப்பு சொல்லும் உயரம் அது. மோடம் இருக்கும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

கேள்வி: அல்ட்ராசோனிக் சென்சாரில் நீர்மட்டம் தினமும் மதியம் ஏறி இரவில் இறங்குகிறது. நீர் அப்படியேதான் இருக்கிறது.

பதில்: ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்தே அந்தச் சென்சார் தூரத்தைக் கணக்கிடுகிறது; மாறுவது ஒலியின் வேகம். 0 டிகிரியில் நொடிக்கு 331.3 மீட்டர், அதோடு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.6 கூட்டுங்கள். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால் 3 மீட்டர் தூரத்தில் 8 சென்டிமீட்டர் பிழை. சூடான காற்றில் எதிரொலி சீக்கிரம் திரும்புவதால் நீர் அருகில் வந்ததுபோலத் தெரியும். சென்சாருக்கும் நீருக்கும் இடையில், நிழலில் ஒரு வெப்பமானி வைத்துத் திருத்துங்கள். பதினோரு தடவை அளந்து நடு மதிப்பை எடுங்கள்; சராசரி எடுத்தால் ஒரே ஒரு தவறான எதிரொலி எல்லாவற்றையும் இழுத்துவிடும்.

கேள்வி: வீட்டிலிருந்தபடி கருவியின் ஐபி முகவரிக்குள் நுழைய முடியுமா?

பதில்: சாதாரண சிம்மில் முடியாது. பல சிம்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்கும்; வெளியிலிருந்து கூப்பிட்டால் உள்ளே போகாது. கருவி பேசும்போது சர்வர் தரும் பதிலிலேயே கட்டளையையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: டவர் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. அது திரும்பி வருவதற்குள் பேட்டரி முடிந்துவிட்டது.

பதில்: கருவி விடாமல் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. தேடலுக்கு எல்லை வையுங்கள்: 2ஜியில் 90 நொடி, என்பி-ஐஓடியில் 3 நிமிடம். கிடைக்காவிட்டால் மோடத்தை முறைப்படி அணைக்கும் கட்டளை கொடுத்து, பிறகு சப்ளையை வெட்டுங்கள். அடுத்த முயற்சி 1 மணி கழித்து, பிறகு 2, 4, 8 என்று இரட்டிப்பாக, அதிகபட்சம் 24. பல கருவிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் முன்பின்னாக வையுங்கள். டவர் உயிர் பெற்றதும் எல்லாம் ஒரே நொடியில் முட்டிக்கொள்ளக் கூடாது. அளவெடுப்பு மட்டும் எந்த நிலையிலும் நிற்கக் கூடாது.

ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் சிக்னல் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். 0 முதல் 31 வரை வரும் அந்த எண்ணை இரண்டால் பெருக்கி 113-ஐக் கழித்தால் சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் கிடைக்கும். 10 என்றால் -93. 99 வந்தால் மோடத்தால் அளக்க முடியவில்லை என்று பொருள். எண் 10-க்குக் கீழேயே நின்றால் பெரிய பேட்டரி தேடாதீர்கள். ஆன்டெனாவை உலோகப் பெட்டிக்கு வெளியே எடுத்து, ஒரு மீட்டர் உயர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள்.