வாசகர் கேள்வி – பதில்: வோ லெ விகோந்த் மாளிகையும் அதன் தோட்டமும்

பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டரில், மெலன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் வோ லெ விகோந்த் மாளிகையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பாரிஸ் பயணத்தில் எங்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு நாள். வெர்சாய்க்குப் போவதா, நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போவதா?

வோவுக்குப் போங்கள். வெர்சாய் பிரமாண்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கூட்டம் நம்மை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போய்விடும். தோட்டத்துக்கு வந்து சேரும்போது காலும் ஓய்ந்துவிடும், பொழுதும் சாய்ந்துவிடும். வோவில் மாளிகையையும் தோட்டத்தையும் ஒரே நாளில், அவசரமில்லாமல், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கலாம். அவற்றை அமைத்தவர்கள் நினைத்ததும் அதுதான். கட்டடக் கலைஞர் லூயி லெ வோ, ஓவியர் ஷார்ல் லெ ப்ரன், தோட்டக் கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ர் ஆகிய மூவரும் ஒரு பெரிய வேலையில் கைகோத்தது முதலில் இங்கேதான். பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி பிறகு இந்த மூவரையும் வெர்சாய்க்கு அழைத்துக்கொண்டார். ஆட்களை மட்டுமல்ல, இங்கிருந்த ஆரஞ்சு மரங்களையும் சிலைகளையும் திரைச்சீலைகளையும்கூட எடுத்துக்கொண்டு போனார். இதைப் பார்த்த கண்ணோடு பிறகு எப்போதாவது வெர்சாய் போனால், அது இன்னும் நன்றாகப் புரியும்.

கேள்வி: மாளிகையைக் கட்டிய நிதியமைச்சர் ஃபூக்கே, ராஜாவையே மிஞ்சும்படி ஒரு விருந்து வைத்ததால்தான் சிறைக்குப் போனாராமே?

கேட்க நல்ல கதை, அதனால்தான் நிலைத்துவிட்டது. 1661 ஆகஸ்ட் 17 அன்று விருந்து நடந்தது உண்மை. மோலியேரின் புதிய நாடகம் ஒன்று அன்றுதான் தோட்டத்தில் முதன்முதலாக அரங்கேறியது, வாணவேடிக்கையும் நடந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 5 அன்று நாந்த் நகரில் அரசரின் படை அதிகாரி தார்த்தஞான் ஃபூக்கேயைக் கைது செய்தார். ஆனால் தேதிகளைச் சற்று முன்னே தள்ளிப் பாருங்கள். மார்ச்சில் முதலமைச்சர் மஸரன் இறந்ததுமே, இனி நானே ஆள்வேன் என்று 22 வயது அரசர் அறிவித்துவிட்டார். மஸரனின் சொத்துக்கணக்கைப் பார்த்துவந்த கோல்பேர், ஃபூக்கேமீது அரசரின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். கைது செய்வதென்று மே மாதத்திலேயே முடிவாகிவிட்டது. பாரிஸ் பார்லமான் நீதிமன்றத்தில் ஃபூக்கே ஒரு பெரிய பதவி வகித்தார். அது கையில் இருக்கும்வரை அந்த நீதிமன்றம் தவிர வேறு யாரும் அவரை விசாரிக்க முடியாது. விருந்துக்கு முன்பே அந்தப் பதவியை அவர் விற்றுவிட்டார். அதாவது, விருந்தன்று அவர் ஏற்கெனவே வலையில் இருந்தார்.

அவர் கைசுத்தமானவர் என்று நான் வாதாட மாட்டேன். சொந்தப் பணமும் அரசுப் பணமும் அவரிடம் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. ஆனால் அவரைவிடப் பெரும் சொத்து சேர்த்த மஸரன் மரியாதையோடு அடக்கமானார். ஃபூக்கே வழக்கு மூன்றாண்டு நடந்தது. 1664 டிசம்பரில் நீதிபதிகளில் பெரும்பாலோர் நாடுகடத்தினால் போதும் என்றார்கள். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசருக்கு உண்டு. அவரோ அதை ஆயுள் சிறையாகக் கூட்டினார். ஆல்ப்ஸ் மலைப்பக்கம், இன்று இத்தாலியில் இருக்கும் பிஞ்ஞரோல் கோட்டையில் 1680-ல் ஃபூக்கே இறந்தார். அந்த ஒரு திருத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

கேள்வி: மற்ற அறைகளில் கூரையெல்லாம் ஓவியம். நடுவிலுள்ள முட்டை வடிவக் கூடத்தில் மட்டும் ஏன் அப்படி இல்லை?

லெ ப்ரன் அங்கே சூரியனின் அரண்மனையை வரையத் திட்டமிட்டிருந்தார். கைது வந்தது, வேலை நின்றது. அந்தக் கூடத்தில் நிற்கும்போது தோட்டப்பக்கக் கதவுகள் வழியே வெளியே பாருங்கள், கூரையை மறந்துவிடுவீர்கள்.

கேள்வி: படத்தில் பார்த்தால் தோட்டம் வெறும் பச்சைக் கோலம் மாதிரி இருக்கிறது. பூவும் குறைவு, நிழலும் குறைவு. அதில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலம் என்றீர்கள். கோலத்தை நின்று பார்க்கலாம். இந்தத் தோட்டத்தை நடந்துதான் பார்க்க முடியும்.

மாளிகையின் பின்படியில் நின்றால் எல்லாமே தெரிகிற மாதிரி இருக்கும். முதலில் செடி வேலைப்பாடு, அப்புறம் ஒரு வட்டக் குளம், அதற்கப்பால் சதுரக் குளம், அதன் விளிம்பை ஒட்டினாற்போல் வளைவு வளைவாகக் கல் குகைகள், அவற்றுக்கு மேலே புல்சரிவு, உச்சியில் பொன்னிற ஹெர்குலிஸ் சிலை. பத்து நிமிடத்தில் போய்த் திரும்பிவிடலாம் என்று தோன்றும். பெரும்பாலோர் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பியும் விடுகிறார்கள்.

இறங்கி நடங்கள். சதுரக் குளம் நெருங்க நெருங்க விரிந்துகொண்டே போகும். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகவும் பக்கத்தில் இருப்பதைச் சிறிதாகவும் லெ நோத்ர் அமைத்திருக்கிறார். கண் இரண்டையும் ஒன்றுபோல எடுத்துக்கொள்வதால் தூரம் சுருங்கிவிடுகிறது. குளத்தைத் தாண்டி விளிம்புக்குப் போனால் தரை சட்டென்று கீழே இறங்கும். அங்கே, குறுக்கே, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய்! ஆங்க்கேய் என்ற சிற்றாற்றைத் திருப்பிவிட்டு உண்டாக்கியது. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு மாளிகைப் படியிலிருந்து ஒரு துளிகூடத் தெரியாது. குளத்தை ஒட்டி நின்ற குகைகள் இப்போது அக்கரையில் இருக்கும். கால்வாயின் முனையைச் சுற்றிக்கொண்டு போனால்தான் அவற்றை அடையலாம். லெ நோத்ரின் அப்பாவும் தாத்தாவும் அரசத் தோட்டக்காரர்கள், அவரோ ஓவியர் சிமோன் வூவேயின் பட்டறையில் பயின்றவர். மண்வாகும் தெரிந்து, ஓவியரின் தூரக்கணக்கும் தெரிந்த ஒருவர் கையில்தான் இது நடக்கும்.

திரும்பி வரும்போது சதுரக் குளத்தின் தொலைக்கரையில் நின்று மாளிகையைப் பாருங்கள். காற்றில்லாத நேரமென்றால் மொத்த மாளிகையும் அந்தக் குளத்துக்குள் தலைகீழாக விழுந்திருக்கும். ஹெர்குலிஸ் மட்டும் பிற்காலத்துச் சேர்க்கை. 1875-ல் பாழடைந்து கிடந்த எஸ்டேட்டை ஏலத்தில் எடுத்துத் தோட்டத்துக்கு உயிர் கொடுத்த சர்க்கரை ஆலை அதிபர் அல்ஃப்ரெட் சொமியே வைத்தது. அவருடைய வாரிசுகளான தெ வோகுயே குடும்பம் 1968-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது, இன்றும் நடத்துகிறது.

கேள்வி: ஒரு படத்தில் செடி வேலைப்பாடு பச்சையாகவும் இன்னொன்றில் வெள்ளியாகவும் இருக்கிறதே?

இரண்டும் உண்மைப் படங்கள்தான். அந்த வேலைப்பாடு பாக்ஸ் என்ற குத்துச்செடியால் ஆனது. 1920-களில் அஷீல் துஷேன் மறுபடி நட்டு உருவாக்கியது. பூஞ்சை நோயும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவும் சேர்ந்து அழித்ததால், 2019-ல் செடிகளைப் பிடுங்க வேண்டியதாயிற்று. வெற்று மண்ணாக விடாமல், கலைஞர் பத்ரீக் ஊர்காத் அலுமினியத் தகடுகளால் ஒரு தற்காலிக அமைப்பைச் செய்தார். ஓடும் மேகம் அந்தத் தகடுகளில் தெரியும். பழையதைப் போலிசெய்யாமல் இழப்பை இழப்பாகவே காட்டிய அந்த முடிவு எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: 74 வயது அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். எப்படிப் போவது? மெழுகுவத்தி ஏற்றும் மாலை நேரத்தில் போகலாமா?

பாரிஸ் கார் தெ லெஸ்த் நிலையத்திலிருந்து ப்ரொவான் செல்லும் P வழித்தட ரயிலில் ஏறி வெர்னய் லெத்தாங்கில் இறங்குங்கள். மாளிகையின் பேருந்து அங்கிருந்து உண்டு. அது ஓடும் நாள், நேரம், கட்டணம் எல்லாவற்றையும் மாளிகையின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும். அம்மாவை நடக்கவிடாதீர்கள். தோட்டத்தில் ஓட்டிச்செல்ல மின்வண்டி வாடகைக்குக் கிடைக்கும், வந்தவுடன் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். பாதையெல்லாம் சரளைக்கல், எல்லோருக்கும் தட்டையான செருப்பு அவசியம். பிள்ளைகளிடம் மாளிகைக்குள் அணில் எங்கெங்கே இருக்கிறதென்று தேடச் சொல்லுங்கள். அது ஃபூக்கேயின் குலச்சின்னம், சுவரிலும் கூரையிலும் ஒளிந்திருக்கும். குவிமாடத்துக்கு ஏறும் படி குறுகல், அம்மா கீழேயே இருக்கட்டும்.

கோடைச் சனிக்கிழமை மாலைகளில் சுமார் 2,000 மெழுகுவத்திகள் ஏற்றுவார்கள். தாராளமாகப் போங்கள், ஆனால் இருட்டிய பிறகு போய்ச் சேராதீர்கள். கால்வாய் தெரியாது. மதியமே போய், தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு, விளக்கேற்றும்வரை இருங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை உள்ளே நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.