கரி மூட்டக் காசில் நிலம் காக்கும் படிப்பா?

கேள்வி: என் மகன் பிளஸ் டூவில் உயிரியல் படித்து முடித்திருக்கிறான். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. காடு, நிலம் பாதுகாக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். இயற்கை வள மேலாண்மையில் ஒரு வருட டிப்ளமோ, முழுக்க ஆன்லைன், 85 ஆயிரம் ரூபாய் என்கிறான். பணத்துக்குப் பிரச்சினை இல்லை. பரமக்குடி பக்கம் மாமனார் தனியாக இருந்து பார்த்துக்கொள்ளும் 4 ஏக்கரும் சீமைக் கருவேலம்தான். அதை வெட்டிக் கரி சுடுகிறவர்களுக்கு, கரி மூட்டத்துக்கு விட்ட காசு வந்திருக்கிறது. பையன் ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: சகோதரி, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஒரு நாள்கூட வெயிலில் இறக்காத டிப்ளமோவை வைத்து நிலத்தில் வேலை வாங்க முடியாது. செடியைப் பார்த்துப் பெயர் சொல்வானா, நாற்றங்கால் போடுவானா, நட்டதில் எத்தனை பிழைத்தது என்று கணக்குக் காட்டுவானா என்றுதான் ஆள் எடுக்கிறவர்கள் பார்ப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தக் கரி மூட்டக் காசு. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். மூட்டம் போடுகிறவர் தூரை, அதாவது வேரோடு கூடிய அடிக்கட்டையை, மண்ணிலேயே விட்டுவிட்டுத்தான் வெட்டுவார். தூர் துளிர்த்து சில வருடத்தில் மறுபடி வெட்டுக்கு வர வேண்டும், அதுதான் அவர் கணக்கு. அந்தத் தொழிலை நான் பழிக்க மாட்டேன். மழை பொய்த்த வருடங்களில் ராமநாதபுரம் சீமையில் பல வீடுகளில் உலை கொதித்தது அதனால்தான். ஆனால் நிலத்தை மீட்கக் கற்கப்போகிறேன் என்கிற பிள்ளை, சொந்த நிலத்தில் என்ன நடக்கிறதென்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் தனியாகக் கிடந்து காக்கிற நிலத்தின் காசு மட்டும் மதுரைக்கு வருகிறது, பேரன் அங்கே போவதில்லை. இதில் உங்கள் தப்பும் உண்டு. தாத்தாவைப் பார்க்கப் போவது பிள்ளையின் இஷ்டம் என்று விட்டது யார்?

அவனை ஊருக்கு அனுப்புங்கள். 4 ஏக்கரிலும் கை வைக்க வேண்டாம். அரை ஏக்கர் போதும். மீதியில் வருகிற வருமானம் மாமனாருக்கு இருக்கட்டும்.

முதலில் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்து உப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த மரம் நடலாம் என்பது அதைப் பொறுத்தது. சீமைக் கருவேலத்தைக் காய் பழுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். தரையோடு வெட்டினால் பயனில்லை. துளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குள் தூரின் கழுத்தில் இருக்கின்றன. சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டி அந்தக் கழுத்தோடு பெயர்க்க வேண்டும். சின்ன மரத்துக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும், முற்றியதற்கு ஜேசிபிதான். முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும், கெட்டியான பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். முதல் மழையில் மண்ணில் கிடந்த விதையெல்லாம் முளைக்கும். ஈரம் காயுமுன் விரல் நீளத்தில் இருக்கும்போதே கையால் பிடுங்க வேண்டும். ஆணிவேர் இறங்கிவிட்டால் வராது. ஒவ்வொரு மழைக்கும், குறைந்தது மூன்று வருடம். காய்ப்பருவத்தில் ஆட்டுக்கிடை, அதாவது உரத்துக்காக ஆடுகளை ராத்திரி நிலத்தில் அடைப்பது, போடவே கூடாது. காயைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதை சாவதில்லை. மேல்தோல் இளகிப் புழுக்கையோடு வந்து சுலபமாக முளைக்கும். உரத்துக்கென்று கிடை போட்டு, வேலையை முதலிலிருந்து தொடங்கியவர்கள் நிறைய.

நிலத்தை வெறுமையாகவும் விடக்கூடாது. கொழுக்கட்டைப் புல் விதைத்து, 15 அடி இடைவெளியில் ஒன்றரை அடிக் குழி எடுத்தால் அரை ஏக்கருக்குச் சுமார் 95 குழி வரும். குடைவேல், வெள்வேல், உசில், வேம்பு, வாகை போன்றவற்றை ஐப்பசி மழையோடு நடலாம். கன்றை அவனே வளர்க்கட்டும். அதற்கு மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மட்கிய தொழு உரம் ஒன்று. வேல விதையைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊற வைக்கவேண்டும். வேப்ப விதை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும், பழம் உதிர்ந்ததும் போட்டால்தான் வரும். வரப்பில் பனங்கொட்டையை நேராக ஊன்றலாம்.

ஒரு நோட்டில் எல்லாம் எழுதட்டும்: தேதி, மழை, பிடுங்கிய கருவேல முளை, நட்டது, செத்தது, ஏன் செத்தது. ஒரே இடத்திலிருந்து மாதம் ஒரு போட்டோ எடுக்கட்டும். பிறகு ஏதாவது பயிற்சியில் சேரும்போது இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் களத்தில்? முந்தைய வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? நேரான பதில் வராத இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

அரசு வேலைதான் வேண்டுமென்றால் வனக்காப்பாளர் பணிக்கு அறிவியல் படித்த பிளஸ் டூ போதும். 2024 முதல் அது குரூப் 4 தேர்வில் இருக்கிறது. ஆண்களுக்கு 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடைத் தேர்வு உண்டு. மதுரை வீட்டில் உட்கார்ந்து அதற்குத் தயாராக முடியாது.

மாமனாரிடம் நீங்களே பேசுங்கள். அரை ஏக்கரை எந்த மூலையில் எடுப்பது என்று முடிவு செய்கிற உரிமை அவருடையது. மழைத் தண்ணீர் எங்கே தேங்கும், எந்தப் பக்கம் உவர் என்று அவருக்குத் தெரியும். பையன் அவரைக் கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தொடட்டும்.